நாற்பத்தொன்றாவது சோதனை

கல்லுகுட்டா எஸ்டேட்,
ஜூன் 4

அன்பு மகள் ஸ்பூர்த்திக்கு உன் தொட்டப்பா ஹிரியண்ண கௌடா எழுதுவது.

நானும் உன் அம்மா சாந்தம்மாவும் நலம். என் தம்பி, உன் அப்பா, இருந்திருந்தால் அவனும் நலம் என்று எழுதியிருப்பேன். பெங்களூரில் உன் உடம்பு எப்படி? இங்கே மழை பிடித்துவிட்டது. உன் அம்மா வழக்கம்போல விடிகாலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தோட்டத்து வழியாக சொசைட்டிக்குப் போய் வருகிறாள். எவ்வளவு சொன்னாலும் குடை பிடிப்பதில்லை, தலையோடு போர்த்தும் கம்பளிக் கொங்காணிதான்.

நேற்று உங்கள் கணினிக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி இந்த மின்னஞ்சலை எழுதத்தான் உட்கார்ந்தேன். யானை டாஷ்போர்டைத் தொடங்கியவன் நான். கழுத்தில் காலர் கட்டிய யானை எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டவும், அது ஊரை நெருங்கினால் முக்கில் சிவப்பு விளக்கு எரியவும், ஜனங்களின் போனுக்குச் செய்தி போகவும், மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு புத்தகம் வாங்கிப் படித்து நான் ஒருவனாக எழுதினேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று பொதுவில் வைத்தேன். திருத்தலாம் என்றுதான் வைத்தேன், தூக்கி எறியலாம் என்று அல்ல.

ஏதாவது மாற்றினால் வேறெதுவும் உடையவில்லையே என்று கணினியே பார்த்துக்கொள்ள நாற்பத்தொரு சோதனைகள் எழுதியிருந்தேன். நேற்று உங்கள் குழுவின் அந்த அனிகேத் பையன் சொல்கிறான்: "அங்கிள், உங்க டெஸ்ட் எல்லாம் ரொம்பப் பழசு. அஞ்சு தடவ ஓட்டுனா ஒரு தடவ காரணமே இல்லாம சிவப்பு காட்டுது. மொத்தமா எடுத்துட்டோம்."

"எடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் எதுக்குன்னு என்கிட்ட கேட்டியாப்பா?" என்றேன்.

"மைக்க ஆஃப் பண்ணுங்க அங்கிள், எக்கோ வருது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டாஷ்போர்டின் முகப்பில் பொறுப்பாளர் பட்டியலில் என் பெயரும் இல்லை. நீ அந்தக் கூட்டத்தில் இருந்தாய். வாய் திறக்கவில்லை.

கடைசிச் சோதனையைப் பற்றி மட்டுமாவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

ஆசியுடன்,
ஹிரியண்ண கௌடா


பெங்களூர்,
ஜூன் 13

மதிப்புக்குரிய தொட்டப்பாவுக்கு ஸ்பூர்த்தியின் வணக்கம்.

நான் நலம். மழை வந்தால் உங்களுக்கு நெஞ்சுச் சளி கட்டும், மிளகுக் கஷாயத்தை விடாமல் குடியுங்கள்.

அனிகேத் மேல் கோபப்படாதீர்கள். உங்கள் சோதனைகளை எடுத்தவள் நான்தான். கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. காரணம் இருக்கிறது, கேளுங்கள். நிஜ வரைபடத்தின் மேலேயே பொய் யானையை நடக்கவிட்டுப் பார்ப்பது உங்கள் முறை. அந்தக் காலத்தில் வேறு வசதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழையில் இணைப்பு அறுந்தால் சோதனையும் அறுந்தது. சிவப்பு வந்தால் நிஜமாகவே கோளாறா, மழையா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் சிவப்பையே பார்க்காமல் தாண்டிப் போகப் பழகிவிட்டார்கள். அது ஆபத்து இல்லையா?

இப்போது எல்லாம் மூடிய பெட்டிக்குள். நிஜ வரைபடத்தைத் தொடாமல் அறுநூறு சோதனைகள், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகின்றன. உங்கள் பெயரை நான் எடுக்கவில்லை. யார் எடுத்தது என்று விசாரிக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், கேட்டுக்கு எதிரே முக்கு விளக்கைப் பார்த்துவிட்டு இறங்கட்டும். அணைந்திருந்தால் தைரியமாகப் போகலாம்.

உங்கள் மகள்,
ஸ்பூர்த்தி


கல்லுகுட்டா,
ஜூலை 2

ஸ்பூர்த்திக்கு தொட்டப்பாவின் ஆசி.

அம்மா நலம், நானும் நலம். உன் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதிலாக எழுத ஒன்றுமில்லை.

வேறு செய்தி இருக்கிறது. என் தாத்தா காலத்திலிருந்து கல்லுகுட்டாவுக்குள் யானை வந்ததில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆழமான ஹள்ளத்து ஓடை. மற்ற தோட்டக்காரர்களிடம் நான் பெருமையடித்துக்கொண்டிருந்த விஷயம் அது. போன வாரம் வந்துவிட்டன. குட்டியோடு ஏழு. பலா மரங்களை மொட்டையடித்து, கீழ்த்தோட்டத்துக் குளத்தில் கிடந்து குளித்தன. வனத்துறை டாக்டர் வந்து, முன்னால் நடக்கும் பெரியவளுக்கு ஊசி சுட்டு மயக்கிக் காலர் பூட்டினார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு ஜனம் எல்லாம் திருவிழா மாதிரி கூடி நின்றது.

உனக்குத்தான் தெரியுமே, எந்தத் தோட்டத்தில் காலர் விழுகிறதோ அந்தத் தோட்டத்தின் பெயர்தான் யானைக்கு. வனத்துறை வாட்சர் மஞ்சய்யா எழுந்து நின்று கூவினான்: "கௌடரே, இனிமே கல்லுகுட்டான்னா நீங்க இல்ல, இவதான்! ஜில்லா பூரா இவ பேருதான் ஓடும்!"

லைன் தேவம்மா விடவில்லை: "அப்போ கௌடரு வீட்டு வரிக் காகிதமும் இவளுக்குத்தான் வருமா?"

உன் அம்மாவோ, "பாவா, கடைசியில உங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துட்டா" என்றாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தக் காலரைச் சேர்த்த பின்னும் உன் அறுநூறும் பச்சைதானா? அதை மட்டும் எழுது.

தொட்டப்பா


பெங்களூர்,
ஜூலை 7

தொட்டப்பாவுக்கு வணக்கம்.

நலம். மகிழ்ச்சியாகவும் இருக்கிறேன். கல்லுகுட்டாவுக்கே யானைப் பெயர்! ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

காலர் எண்ணை நானே சேர்த்தேன். பெயர் வனத்துறைப் பதிவிலிருந்து தானாக வந்தது. அறுநூறும் பச்சை, ஒன்றுகூடத் தடுமாறவில்லை. வரைபடத்தில் மட்டும் அவளை இன்னும் காணோம். புதுக் காலர் ஒழுங்காகப் பேச ஆரம்பிக்கச் சில நாள் ஆகுமாம். பக்கத்து ஜில்லாவிலிருந்தும் நம் டாஷ்போர்டைக் கேட்டிருக்கிறார்கள். "இவ்வளவு சோதனைகள் இருப்பதால்தான் நம்பிக்கை வருகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் நீங்கள் போட்ட விதை, தொட்டப்பா. கோபத்தை விடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? மூங்கில் குருத்தில் களலெ சாறு வைத்தால் எனக்கும் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், கௌரி பண்டிகைக்கு வருகிறேன்.

ஸ்பூர்த்தி


கல்லுகுட்டா,
ஜூலை 24

ஸ்பூர்த்திக்கு ஆசி.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை விடவில்லை. பனியில் பத்தடிக்கு அப்பால் காபிச் செடி தெரியவில்லை.

பத்து நாளாக உன் அம்மாவோடு நானும் சொசைட்டிக்கு நடக்கிறேன். கையில் டார்ச், மடியில் பட்டாசு. முதல் நாள் அவளுக்கு ஒரே கேலி. "என்ன பாவா, இந்த வயசுல எனக்குக் காவலா? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றாள். "நடக்கணும்னு டாக்டர் சொல்லிருக்கார்" என்றேன்.

நேற்று கீழ்த்தோட்டத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம் யானைச் சாணி கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. மூங்கில் புதருக்குள் கிளை முறிகிற சத்தம். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தேன். முக்கு விளக்கு எரியவில்லை.

"விளக்கு எரியலையே பாவா, பன்னியாத்தான் இருக்கும்" என்கிறாள்.

கேனை வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.

தேவம்மாவும் லைன் பெண்களும் எங்களுக்குப் பின்னால் அதே வழியில்தான் வருகிறார்கள். விளக்கைப் பார்த்துவிட்டு, பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வருகிறார்கள்.

நீ ஏன் என்னிடம் எதையும் கேட்பதில்லை, ஸ்பூர்த்தி?

தொட்டப்பா


பெங்களூர்,
ஜூலை 29

தொட்டப்பா,

வணக்கம். நான் நலம்தான். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விளக்கு எரியவில்லையா? பல்ப் போய்விட்டதா, ஒயர் அறுந்ததா? நீங்கள் மின்வாரியத்தில் இருந்தவர், ஏறிப் பார்த்தீர்களா?

இங்கே பார்த்தேன். கல்லுகுட்டாவின் காலர் மணிக்கொரு தடவை ஒழுங்காகப் பேசுகிறது. அவள் நிற்கும் இடம் எங்கள் சர்வருக்கு வந்து சேர்கிறது. வரைபடத்துக்குப் போகவில்லை, விளக்குக்கும் போகவில்லை. வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மற்ற யானைகள் எல்லாம் சரியாகத் தெரிகின்றன. சோதனைகள் எல்லாம் பச்சை. பச்சையாக இருப்பதால் யாரும் அவசரம் காட்டவில்லை. அனிகேத், "காலர்லதான் ஏதோ கோளாறு, நம்ம பக்கம் சுத்தமா இருக்கு" என்கிறான்.

நீங்கள் பார்த்ததைப் பொதுக் குறைப்பதிவில் எழுதுங்கள். களத்திலிருந்து ஒருவர் எழுதினால்தான் எல்லோரும் கவனிப்பார்கள்.

கேட்கவில்லை என்கிறீர்களே, இதோ கேட்கிறேன்: உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

ஸ்பூர்த்தி


கல்லுகுட்டா,
ஆகஸ்ட் 5

ஸ்பூர்த்திக்கு.

நலம். பல்ப் நன்றாக இருக்கிறது. ஒயரும் நன்றாக இருக்கிறது.

பொதுக் குறைப்பதிவில் நான் எழுத மாட்டேன். போன வருடம் மூன்று எழுதினேன். மூன்றுக்கும் ஒரு மனிதன் பதில் போடவில்லை. 'நீண்ட நாளாக அசைவில்லாததால் மூடப்படுகிறது' என்று ஒரு இயந்திரம் எழுதி மூடியது. நான் கட்டிய வீட்டில் என்னை வாசலில் நிறுத்திப் பேசவும் ஒரு இயந்திரத்தை வைத்திருக்கிறீர்கள்.

உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒரே வரிதான். ஆனால் அது உன்னுடைய கேள்வியாக மட்டும் வரக்கூடாது. அந்தக் கூட்டத்தில் சிரித்த அத்தனை பேரும் கையெழுத்திட்டு, கேட்காமல் எடுத்தது தவறு என்று எழுதி, என் பெயரைப் பட்டியலில் பழைய இடத்தில் வைக்கட்டும். அன்றைக்கே சொல்கிறேன்.

உன் அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. என் வீட்டு ஆட்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தொட்டப்பா


பெங்களூர்,
ஆகஸ்ட் 8

தொட்டப்பா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள்.

நான் தூக்கிப்போட்ட உங்கள் நாற்பத்தொன்றையும் நேற்று முதல் ஒவ்வொன்றாகப் படித்தேன். அன்றே படித்திருக்க வேண்டும். கடைசிச் சோதனையில் எல்லாம் இருக்கிறது. நிஜ வரைபடத்தில் நடக்கவிடும் பொய் யானையைப் பார்த்து ஜனங்கள் பயப்படக்கூடாது என்று, அதற்கு யானையே வராத நம் தோட்டத்தின் பெயரை வைத்தீர்கள். 'கல்லுகுட்டா' என்று பெயர் வந்தால் வரைபடத்தில் காட்டாதே, விளக்கை எரிக்காதே, செய்தி அனுப்பாதே என்று ஒரு வரி. அந்த வரி வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் நாற்பத்தொன்று. நாங்கள் சோதனையை எடுத்தோம், வரியை விட்டுவிட்டோம். எங்கள் அறுநூறு சோதனைகளில் ஒன்றிலும் அந்தப் பெயர் இல்லை. அதனால் எல்லாம் பச்சை.

ஆக, மஞ்சய்யா அந்தப் பெயரைக் கூவியபோதே உங்களுக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு மேலாகத் தெரியும்.

அந்த வரியை நீக்கி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோப்பில் எந்த மாற்றம் வந்தாலும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று ஆரம்பத்தில் நீங்கள் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறீர்கள். முகப்பிலிருந்து உங்கள் பெயரை எடுத்தவர்களுக்கு இந்தப் பூட்டு தெரியவே தெரியாது. சாவியும் உங்களிடம்தான். யானையின் பெயரை மாற்றச் சொல்லி வனத்துறைக்குப் போன் செய்தேன். இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகம் இல்லை. மஞ்சய்யாவின் குழு வேறு மந்தையின் பின்னால் போயிருக்கிறது, திங்கள் மத்தியானம் திரும்புமாம். உங்கள் போனும் செத்துக்கிடக்கிறது, அம்மாவின் போனுக்கு டவர் இல்லை.

உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் என் மாற்றம் வந்திருக்கும். ஒப்புதல் என்ற பொத்தானை அழுத்துங்கள். அவ்வளவுதான். கையெழுத்து, மன்னிப்பு எல்லாம் நானே வாங்கித் தருகிறேன், ஒருத்தரையும் விட மாட்டேன். அதுவரை லைனுக்குப் போய் எல்லோரிடமும் சொல்லுங்கள், விளக்கை நம்ப வேண்டாம் என்று.

ஸ்பூர்த்தி


கல்லுகுட்டா,
ஆகஸ்ட் 9

ஸ்பூர்த்திக்கு ஆசி.

எனக்குச் சளிக் காய்ச்சல். மற்றபடி நலம்.

கண்டுபிடித்துவிட்டாய், சந்தோஷம். என் தம்பி மகள் அல்லவா. ஆனால் நீ படித்ததால் நான் கேட்டது கிடைத்ததாக ஆகாது. அவர்கள் கடிதம் வரட்டும், அழுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே, எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள், எழுத எத்தனை நேரம் ஆகும்?

லைனுக்குப் போய் நான் என்ன சொல்வது? விளக்கு பொய் சொல்கிறது என்றா? அந்தக் கம்பத்தை நட்டவன் நான். 'கௌடரு விளக்கு' என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள்.

நாளை என்னால் கூட நடக்க முடியாது. அதனால் உன் அம்மாவை மட்டும் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். போகாதே என்றால் போகாதே என்றேன். கேட்டுக்கொண்டாள்.

ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது.

தொட்டப்பா


கல்லுகுட்டா,
ஆகஸ்ட் 14

ஸ்பூர்த்திக்கு அம்மா எழுதுவது. கையால் எழுதித் தபாலில் போடுகிறேன், எப்போது வருமோ தெரியாது.

நான் நன்றாக இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் பாவா போகாதே என்றார். சரி, மழைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கறந்த பால் வீணாகுமே என்று கேட்டில் நின்றிருந்தேன். தேவம்மா வந்தாள். "ஏன் அம்மாவரே, இன்னிக்கு லீவா? குடுங்க உங்க கேனையும், ஒரு கைக்கு ஒண்ணு, பேலன்ஸா இருக்கும்" என்று வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் விளக்கைப் பார்த்தோம். எரியவில்லை. "கௌடரு கூட வரலைன்னா வழியே வெறிச்னு இருக்கு, யாரக் கிண்டல் பண்றது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

பாலத்துக்கிட்ட நடந்தது. நான் எழுத மாட்டேன். அவள் போட்டிருந்த கொங்காணியை வைத்துத்தான் சிக்கய்யா தன் பெண்டாட்டி என்று சொன்னான். இரண்டு கைகளிலும் கேன் இருந்ததால் ஓடவும் முடியவில்லை என்கிறார்கள். அதில் ஒன்று என்னுடையது.

செய்தி வந்ததும் பாவா எழுந்து ஆபீஸ் அறைக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்தார். ஏதோ ஒன்றை அழுத்தினார். உடனே முக்கு விளக்கு எரிந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுத்தினார், அது எரிந்தது. லைன் ஜனமும் பார்த்தது.

அன்றைக்கு ஏன் என்னைப் போகாதே என்றார்? கேட்டால் சுவரைப் பார்க்கிறார். நீங்கள் இரண்டு பேரும் இத்தனை நாளாக எழுதிக்கொள்கிறீர்களே, உனக்குத் தெரியுமா?

அம்மா


கல்லுகுட்டா,
செப்டம்பர் 6

அன்பு மகள் ஸ்பூர்த்திக்கு தொட்டப்பா எழுதுவது.

நான் நலம். இது நான்காவது கடிதம். முன்னே எழுதிய மூன்றுக்கும் பதில் இல்லை. உன் அம்மா எழுதியதற்கும் நீ பதில் போடவில்லை என்று தபால்காரன் மூலம் தெரிந்துகொண்டேன். தினமும் அவனைக் கேட்கிறாளாம்.

அறுநூற்றொன்று என்று போட்டு, கல்லுகுட்டா பெயரிலேயே நீ ஒரு சோதனை சேர்த்திருப்பதைப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். வேறு எந்தப் பெயரையும் எங்கேயும் மறைக்கவில்லை என்பதையும் அதிலேயே பார்த்திருக்கலாம். அது ஒரு குறை. கூட்டத்தாரின் கடிதமும் வந்தது. எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என் பெயர் பட்டியலின் தலையில் இருக்கிறது. படித்துவிட்டு வைத்துவிட்டேன்.

சிக்கய்யா ஒரு நாள் வந்தான். படியேறவில்லை. முற்றத்தில் நின்றபடியே கேட்டான்: "கௌடரே, அன்னிக்கு வெளக்கு எரியலையே?" சோதனையை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் என்றேன். "யாரு எடுத்தா?" என்றான். பெங்களூரில் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அவன் திரும்பிப் போனான். மறுநாளிலிருந்து லைனிலிருந்து ஒருவரும் களை எடுக்க வரவில்லை.

தேவம்மாவின் பசுவுக்கும் இப்போது உன் அம்மாதான் பால் கறக்கிறாள். அந்தக் கேனையும் அவளே தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறாள். விளக்கை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. நான் துணைக்குப் போனேன். நான்கு நாள் முன்னால் வேகமாக நடந்தாள். ஐந்தாம் நாள் நின்று திரும்பி, "பின்னால வந்தீங்கன்னா நான் காட்டு வழியாப் போவேன்" என்றாள். சொன்னால் செய்வாள். நின்றுவிட்டேன்.

மந்தை இந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பலா தீர்ந்தது, இப்போது வாழைக்கு வருகின்றன.

இன்று காலை விளக்கு நன்றாக எரிந்தது. பனியில் கேட் வரைக்கும் சிவப்பு பரவியிருந்தது. நான் ஓடிப்போய் வழியை மறித்து நின்றேன். "சாந்தம்மா, எரியுது பாரு, போகாதே" என்றேன்.

இரண்டு கேனையும் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தாள். "அன்னைக்கும் போகாதேன்னுதான் சொன்னீங்க பாவா. ஏன்னு சொன்னீங்களா?"

என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவள் திரும்பும் நேரம் தாண்டிவிட்டது. சொசைட்டியில் வரிசை நீளமாக இருக்கும். ஜன்னலிலிருந்து கேட் தெரிகிறது. விளக்கு அணையவில்லை. வரைபடத்தில் யானை கல்லுகுட்டா, பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. அடுத்த தடவை காலர் பேசினால்தான் நகர்ந்ததா என்று தெரியும். உன் சோதனைகள் அனைத்தும் பச்சை.

அவளுக்கு நீ எழுது. எல்லாவற்றையும் எழுது. நான் சொல்ல மாட்டேன். நீ சொன்னால் கேட்பாள், வழியை மாற்றிக்கொள்வாள். இன்றைக்கே எழுது.

பட்டாசு நனைந்திருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பாலம் வரைக்கும் போகிறேன்.